படித்துக் காட்டக் கேட்டவள்

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அம்மா. இந்தப் பக்கம் இல்லை, ஜன்னல் பக்கம். பின்னால் இருக்கிற அந்தத் துண்டுக்காரர் நான் ஏறினதிலிருந்து என் பையையே பார்க்கிறார். பையில் இரண்டு சாத்துக்குடியும் ஒரு மாற்றுச் சேலையும்தான் இருக்கிறது. ஆனால் அது அவருக்குத் தெரியாதில்லையா?

நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு என்ன எழுதுகிறீர்கள்? பேட்டையிலிருந்து நானும் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். எழுதுகிறீர்கள், நிமிர்ந்து என்னைப் பார்க்கிறீர்கள், மறுபடி எழுதுகிறீர்கள். கதை எழுதுகிறவர் இல்லையே? பரீட்சைத் தாளா? எங்கே, காட்டுங்கள். ஆமாம், சிவப்பு மை. மார்க் போட்டிருக்கிறீர்கள். சரி, டீச்சர். கோபித்துக்கொள்ளாதீர்கள். கதை எழுதுகிறவளிடம் ஒருதரம் பட்டவள் நான், அதனால் கேட்டேன்.

நான் அம்பாசமுத்திரம் வரைக்கும் போகிறேன். ரிஜிஸ்தர் ஆபீஸில் வேலை. எங்கள் அப்பா தேடின வீடும் வயலும் கல்லிடைக்குறிச்சியில் இருக்கின்றன. அம்மா முன்னமே போய்விட்டாள், அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. டில்லியில் புதிதாகச் சட்டம் போட்டுவிட்டார்களாம், பெண்பிள்ளைக்கும் அதில் சரிபாதியாம். அதனால், எனக்கு அந்தப் பாதி வேண்டாம், எல்லாம் அண்ணனுக்கே என்று ஒரு விடுதலைப் பத்திரத்தில் நான் கைநாட்டு வைக்க வேண்டும். கட்டை விரலில் மை தடவி ஒரு அழுத்து, அவ்வளவுதான். அண்ணன் கல்லிடைக்குறிச்சியில் இதே பஸ்ஸில் ஏறிக்கொள்வார். எங்கள் அண்ணன் மேல் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் சந்தேகமெல்லாம் மரகதத்தின் மேல்தான்.

நாஞ்சில் நாடு நம்முடைய ராஜ்யத்தோடு சேர்ந்ததே, அதற்கு மறுவருஷம் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தாள். எங்களுக்குத் திருநெல்வேலி டவுனில் வீடு. வீட்டுக்காரருக்கு ரதவீதியில் பாத்திரக்கடை. அவள் புருஷன் தாணு, மின்சார ஆபீஸில் குமாஸ்தா. குனிந்த தலை நிமிராத பையன். ஊர் நாகர்கோவில் என்றதுமே எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அங்கே பெண்கள் எல்லாரும் படித்தவர்கள். ஒரு காலத்தில் சொத்துகூடப் பெண் வழியில்தான் இறங்குமாம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள் இரண்டு அறைக்குள் அடங்கி இருப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.

முதல் சந்தேகம் தபாலில் வந்தது. வாரத்துக்கு இரண்டு தரம் பருத்த உறை ஒன்று வரும். தபால்காரர் அவள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். புருஷன் பேரை இல்லை, அவள் பேரை! கல்யாணமாகி வந்த ஒருத்திக்கு அவள் பேரிலேயே தபால் போடுகிறது யார்? "மெட்ராஸ் முத்திரை அக்கா" என்றார் தபால்காரர். மெட்ராஸில் இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "கதை அக்கா. நான் எழுதி அனுப்பினது திரும்பி வருது" என்றாள்.

"திரும்பி வாரதுக்கா இவ்வளவு கனம்?"

"போன கனம்தானே அக்கா திரும்பி வரும்" என்று சிரித்தாள்.

வேண்டாம் என்று திருப்பி அனுப்பினதை வேறொரு பத்திரிகைக்கு அனுப்புவாள். அவர்களும் திருப்பி அனுப்புவார்கள். ஒரு பத்திரிகைக்காரர் கடிதமே போட்டிருந்தாராம். இது உங்கள் கணவர் எழுதியதா என்று முதல் வரியில் கேட்டிருந்தாராம். சொத்து, பத்திரம் இதெல்லாம் ஒரு பெண் எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள், ஊறுகாய்க் குறிப்பு இருந்தால் அனுப்புங்கள், உடனே போடுகிறோம் என்று முடித்திருந்தாராம். அதைச் சொல்லும்போது அவளுக்கு மூக்கெல்லாம் சிவந்துவிட்டது. அவர் சொன்னதில் என்ன தப்பு டீச்சர்? இவள் போடுகிற நார்த்தங்காய் ஊறுகாய் நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது சந்தேகம், அவள் கேட்கிற கேள்வி. மத்தியானம் கீழே இறங்கி வந்து என்னோடு கீரை உருவ உட்காருவாள். நான் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். எங்கள் அண்ணன் வருஷா வருஷம் பொங்கல்படிச் சீர் கொண்டுவருவதை, நான் பிறந்தவீட்டுக்குப் போனால் அண்ணி முகம் போகிற போக்கை, இப்படி. நான் நிறுத்தினால் அவள் விடமாட்டாள். "பிறகு என்ன சொன்னிய அக்கா?" என்பாள். டீச்சர், எனக்கு வயது நாற்பத்தைந்து. அதுவரைக்கும் நான் சொன்னதைக் கேட்டு "பிறகு?" என்று கேட்ட ஆள் ஒருத்தர் கிடையாது. வீட்டுக்காரர் கேட்டதில்லை. மகன் கேட்டதில்லை. அதனால்தான் சந்தேகம் தட்டியது. ஒருத்தி சும்மா கேட்பாளா?

நினைத்தது சரியாகப் போயிற்று. பக்கத்துவீட்டுச் செண்பகம் ஒருநாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "ஒங்க மாடிக்காரி கதை புஸ்தகத்துல வந்திருக்கு, தெரியுமா? அண்ணன் தங்கச்சி கதை. பொங்கல்படி, பானை எல்லாம் வருது. ஒங்க வீட்டுச் சங்கதி மாதிரியே இருக்கு" என்றாள். காசு கொடுத்து அந்தப் பத்திரிகையை வாங்கினேன். வாங்கி என்ன செய்ய? எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரை வாசிக்கச் சொன்னேன். நான் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தாலும் கண் அவர் விரலில்தான் இருந்தது. இரண்டாவது பக்கத்தைத் திருப்பும்போது விரல் இரண்டு தாளைச் சேர்த்துத் தூக்கிற்று. நான் பார்த்தேன். "அவ்வளவுதான், நல்ல கதை" என்று மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் செண்பகத்தின் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்ததில் ஒரு நாய் வந்தது. வீட்டுக்காரர் வாசித்ததில் நாயே கிடையாது! ஒரே கதையில் ஒருத்தருக்கு நாய் வருகிறது, இன்னொருத்தருக்கு வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பெண்ணும் ஒரு இடத்தில் நிறுத்தித் தன் அம்மா முகத்தைப் பார்த்தாள். செண்பகம் கண்ணைக் காட்டினாள். இவள் நாலு வரி தாண்டிப் போனாள். ஆக, கதையில் என்னைப் பற்றி ஏதோ இருக்கிறது, ஊரே சேர்ந்து என்னிடம் மறைக்கிறது.

யாரை நம்புவது? யோசித்துப் பார்த்தேன். மாதர் சங்கத்தார் நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பெண்களுக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ச் சேர்ந்துவிட்டேன். படிக்கிற ஆசை ஒன்றும் இல்லை டீச்சர். அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அதற்காகத்தான்.

வீட்டில் உண்மையைச் சொல்ல முடியுமா? கோயிலில் பெரியபுராணம் சொல்கிறார்கள், கேட்கப் போகிறேன் என்றேன். வீட்டுக்காரர் சாப்பிடும்போது "இன்னைக்கு எந்த நாயனாரு?" என்று கேட்பார். ஒரு பேரைச் சொல்லிவைப்பேன். அறுபத்துமூன்று பேர் இருந்தது வசதியாகப் போயிற்று. இரண்டு நாயனாரை இரண்டு தரம் சொல்லிவிட்டேன், அவர் கவனிக்கவில்லை.

ஏழு மாதம் ஆயிற்று. என்னோடு படித்தவர்கள் எல்லாம் எனக்கு மகளாகிற வயசு. எழுத்துக் கூட்ட வந்த பிறகு ஒரு தொல்லை பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்டதையெல்லாம் வாய் வாசிக்கும். சினிமாச் சுவரொட்டி, சீயக்காய்ப் பொட்டலம், ஜட்கா வண்டி நம்பர் எதையும் விடாது. எங்கள் கடைப் பலகையை இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் வாசித்தேன். மாமனார் பேர், வீட்டுக்காரர் பேர், என் மகன் பேர். கடையைப் பெருக்கினது என் பதினோரு பவுன் நகையில்தான். இருக்கட்டும், ஒரு பலகையில் எத்தனை பேருக்குத்தான் இடம் இருக்கும்?

பிறகு அந்தக் கதையை எடுத்தேன். அரிசிக் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று மத்தியானம் வாசித்தேன். ஒரு தங்கச்சி. அவள் அண்ணன் பொங்கல்படி கொண்டுவருகிறான். கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, கூடவே ஒரு பத்திரம். அவள் புருஷனிடம் வாசித்துச் சொல்லச் சொல்கிறாள். அவன் முழுக்க வாசித்துவிட்டு, "ஒங்க அண்ணன் ஒன்னைய ஏமாத்துவானா? போடு" என்கிறான். இவள் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். அண்ணன் தெருமுனை தாண்டுகிறவரை அந்த நாய்தான் குரைக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் தாண்டினது இந்த இடம்தான். தன்னைச் சொல்கிறாளோ என்று நினைத்திருப்பார், பாவம்.

பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். "ஏட்டி, என் சோத்துப்பானைக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டுல்லா கதை எழுதியிருக்க? பொங்கப்பானைய வெங்கலம்னு எழுதாம பித்தளைன்னு எழுதிட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் பாத்திரக்கடைக்காரர் பொண்டாட்டிட்டி!" என்று கத்தினேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா, இதை நீங்களே வாசிச்சியளா? ஆரும் வாசிச்சுக் காட்டலையா?" என்றாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் சிரிக்கிறது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். திட்ட வந்தவளைக் கண்டு யாராவது சந்தோஷப்படுவார்களா டீச்சர்? அதில் ஏதோ சூது இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றிற்று.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "அக்கா, அது ஒங்க கதை இல்ல, என் கதை" என்றாள். அவளுடைய அண்ணன் கொண்டுவந்த பத்திரமாம். அவள் கையெழுத்துப் போட்டது போன பொங்கலுக்கு முந்தின பொங்கலாம்.

நான் விடுவேனா? "பொய் சொல்லாத. நீ காலேஜ்ல படிச்சவ. பத்திரத்த வாசிக்காமலா கையெழுத்துப் போட்டிருப்ப?"

"வாசிக்கலை அக்கா. கையிலதான் இருந்தது. அண்ணன் எதிர்ல நின்னுக்கிட்டிருந்தான். அவன் முன்னால வாசிச்சா அவனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமேன்னு மடிச்ச தாளைப் பிரிக்காமலே போட்டேன். கதைன்னா நாப்பது தடவை திருத்தி எழுதுவேன். அதை ஒரு தடவை வாசிக்க எனக்கு வாய் வரலை."

படித்தவள் வாசிக்காமல் போட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? என்னிடமிருந்து தப்பிக்கச் சொன்ன கதை அது. அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த ஆடியில் அவள் மாமியார் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, நல்லதுக்குத்தான் ஒரு வார்த்தை போட்டேன். "ஒங்க மருமக வீட்டுச் சங்கதியெல்லாம் அச்சுல ஏத்துதா, நாளைக்கு ஒங்களையும் எழுதுவா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அந்த அம்மாள் அப்படிச் செய்ய வேண்டுமா? மாடியில் ஒரே சத்தம். மறுநாள் காலையில் வெந்நீர் அடுப்பில் காகிதம் எரிகிற வாசம். ஆவணி பிறந்ததும் காலிசெய்துகொண்டு பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார்கள். போகும்போது என்னிடம் வந்து சொல்லிக்கொண்டாள். "இனிமே எழுதலை அக்கா. நீங்க பயப்படாம இருங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நிம்மதியாக இருக்கலாம் இல்லையா? இல்லை. இப்போதும் வாரா வாரம் பத்திரிகை வாங்குகிறேன். அவள் பேர் எதிலும் இல்லை. அதுவும் சந்தேகமாக இருக்கிறது. ஒருவேளை வேறு பேரில் எழுதுகிறாளோ? அதனால் எல்லாக் கதையும் வாசிக்கிறேன். முதல் வரியிலேயே தெரிந்துவிடும், இது அவள் இல்லை என்று. இருந்தாலும் முடிகிறவரை வாசித்துவிடுவேன். அவள் எழுதினதாக ஒன்றுகூட இல்லை டீச்சர். ஒரு வருஷமாக ஒன்றுகூட இல்லை. எழுதலை என்று சொன்னால் நிஜமாகவே எழுதாமல் இருந்துவிடுவாளா ஒருத்தி?

கல்லிடைக்குறிச்சி வந்துவிட்டது. அதோ, தங்க பிரேம் போட்ட கண்ணாடி, கையில் மஞ்சள் பை. அவர்தான் எங்கள் அண்ணன், குற்றாலிங்கம் பிள்ளை. அண்ணே! இங்கன இருக்கேன்!

உட்கார இடம் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பாருங்கள். இடுப்பில் வலி வேறு அவருக்கு. என்ன அண்ணே? பையா? கொடுங்க, மடியில வச்சுக்கிடுதேன்.

நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கொடுக்கிறதுதானே வழக்கம். பத்திரம் இதில்தான் இருக்கிறது. முத்திரைத்தாள் மேலேயே தெரிகிறது. எனக்கு வாசிக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்கே தெரியாது. நான் எடுத்துப் பார்க்கமாட்டேன் டீச்சர். பார்த்தால் அவர் என்ன நினைப்பார்?

கண்ணில் படுகிறதை நான் என்ன செய்ய முடியும்? சீயக்காய்ப் பொட்டலத்தையே விடாத கண். உ, ல, க. உலகம். உலகம்மாளாகிய நான்.

டீச்சர், இது என் பேர்.

உலகம்மாளாகிய நான் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால். நான் எங்கே எழுதிக்கொடுத்தேன்? என் தமையனார் என் கல்யாணத்தில் எனக்குப் போட்ட நகைகளையே என் பாகமாகப் பாவித்து, மனமுவந்து. அண்ணன் போட்டாரா? பதினோரு பவுனும் அப்பா போட்டது. அப்போது அண்ணன் ஒரு காசு சம்பாதிக்கவில்லை. நான் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறது, பாருங்கள். நான், எனக்கு, என்னுடைய என்று வரிக்கு வரி. மரகதமாவது பேரை மாற்றினாள், பானையை மாற்றினாள். இதில் அப்பா பேர், ஊர்ப் பேர், தெருப் பேர் எல்லாம் அப்படியே இருக்கிறது. நான் சொல்லாததைத்தான் சொன்னதாக எழுதியிருக்கிறது. கடைசியில் பாருங்கள், இதைப் படித்துக் காட்டக் கேட்டு, பொருள் விளங்கிக்கொண்டு. யார் படித்துக் காட்டினார்கள்? எப்போது?

இருங்கள், நடுவில் ஒன்று இருக்கிறது. என் தாயார் மாணிக்கவல்லியம்மாள் எனக்கு எழுதி வைத்துள்ள கீழத்தோட்டம் அறுபது சென்ட்டையும் சேர்த்து. எனக்கு என்றுதானே இருக்கிறது? நீங்கள் ஒருதரம் வாசித்துச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். நானே வாசிக்கிறேன். எ, ன, க், கு. எனக்குத்தான்.

அம்மா எனக்கு எழுதி வைத்தாளா? யாரும் சொல்லவில்லையே. பொங்கல்படியில் வருகிற மஞ்சள்குலை அந்தத் தோட்டத்து மஞ்சள்தான் டீச்சர். அம்மா போனதிலிருந்து பத்தொன்பது வருஷமாக அண்ணன் கொண்டுவருகிறார் என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

என்ன அண்ணே? ஆமா, பத்திரம்தான். தலைகீழா ஒண்ணும் பிடிக்கலை, நேராத்தான் பிடிச்சிருக்கேன். ஆமா, வாசிக்கேன். யாரு சொல்லித்தந்தாளா? அது பெரிய கதை. சிரிக்காதிய, எனக்கு வரி விட்டுப்போகுது.

பாலம் தாண்டிவிட்டது, அம்பாசமுத்திரம் வந்துவிட்டது. அண்ணன் முகத்தைப் பாருங்களேன். இல்லை, நீங்கள் பார்க்காதீர்கள், நான்தான் பார்க்க வேண்டும். என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்கிற முகம்தானே அது? மரகதத்துக்கு முன்னால் நின்றதும் இதே முகமாகத்தான் இருந்திருக்கும்.

நீங்கள் இங்கேதான் இறங்க வேண்டுமா டீச்சர்? போய்வாருங்கள். தாள்களை விட்டுவிடாதீர்கள், எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள்.

இல்ல அண்ணே, நான் எறங்கலை. ரிஜிஸ்தர் எங்கயும் ஓடிப் போகமாட்டாரு. இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருக்கு, நான் மெதுவாத்தான் வாசிப்பேன். எடம் காலியாயிட்டுல்லா, இங்கன வந்து உக்காருங்க. நான் வாசிக்கேன், நீங்க கேளுங்க. கண்டக்டரே, இந்த வண்டி பாபநாசம்தானே போகுது? ரெண்டு டிக்கெட் கிழிங்க.